உன் அம்மா மாற்றாத கடிகாரம்

மகளே,

நாம் ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீ இப்போது உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலை வரைக்கும் அந்தச் சேலையை அவிழ்த்து மடித்து, உன்னோடு சேர்த்து இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. இப்போது வெயில் இறங்கிவிட்டது. தொட்டில் அதே இடத்தில் இருக்கிறது. நீயும் இருக்கிறாய். மலாக்கா காஜா பேராங்கில் இந்த வீட்டில் இன்று ராத்திரி பால் காய்ச்சப் போவது நான்தான்.

நீ இதைப் படிக்கும்போது வளர்ந்த பெண்ணாக இருப்பாய். அநேகமாக உன் கல்யாணப் பேச்சு எடுத்த சமயமாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் யாராவது வந்து உன் ஜாதகத்தைக் கையில் வாங்குவார்கள். பிறந்த சில நாளிலேயே தாயைப் பறிகொடுத்த பெண் என்று தெரிந்ததும் கட்டத்தை ஒரு பார்வை, உன்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். தாயை முழுங்கியவள் என்று ஒரு பேச்சு அங்கே எழும். நேரே சொல்லமாட்டார்கள், உனக்குக் கேட்கும்படியாகச் சொல்வார்கள். அப்போது நான் பக்கத்தில் இருப்பேனா, தெரியாது. சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போகிற காலம் இது. அதனால் எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு நீ அந்தச் சபையில் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

நான் இன்னும் அழவில்லை. எல்லாரும் அதைக் கவனிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அதன் பெரிய சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நானும் அப்படித்தான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஆனால் இன்று காலை கூடத்தில் பேசும்போது எனக்குள் ஏதோ சட்டென்று ஓடத் தொடங்கியது. உன் அம்மா இருந்திருந்தால் கை தட்டியிருப்பாள்.

உன் அம்மா பெயர் செண்பகம். கான்வென்டில் படித்தவள். நான் கோலாலம்பூரில் மின்சார வேலை படித்துவிட்டு மலாக்கா பவர் ஹவுஸில் சேர்ந்தவன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் மேற்பார்வை வேலைக்கான சார்ஜ்மேன் பரீட்சைக்கு உட்கார வேண்டியிருந்தது. கம்பி, மோட்டார், கணக்கு எதிலும் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த முறை வெள்ளைக்கார எஞ்சினியர் புதிதாக ஒரு தாளைச் சேர்த்திருந்தார். ஒரு சின்னப் பத்தி கொடுத்திருப்பார்கள். அதன் கீழே சில வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று பதிலில் ஒன்றை எழுத வேண்டும். பத்தியில் உள்ளதை வைத்துப் பார்த்தால் இது மெய். இது பொய். இல்லையென்றால், இதை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பார்க்க விளையாட்டு மாதிரி இருந்தது. மாதிரித் தாளை எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தப்பு.

ஏன் தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. செண்பகம் தாளை வாங்கி, சமையலறை வாசலில் உட்கார்ந்து படித்தாள். ஒரு ஊரில் மழை பெய்தது, மறுநாள் தெருவிளக்கு அணைந்துபோனது என்று பத்தியில் இருந்தது. மழையால் விளக்கு அணைந்தது என்ற வாக்கியத்துக்கு நான் மெய் என்று போட்டிருந்தேன். ஈரம் பட்டால் மின்சாரம் எப்படிக் கசியும் என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மழைக்கு மறுநாள்னுதானே எழுதியிருக்கு? மழையாலன்னு எங்க எழுதியிருக்கு? அத நீங்க வீட்டுலேர்ந்து கொண்டுபோய்ப் போட்டுட்டீங்க."

அந்தத் தெருவிளக்கை மறந்துவிடாதே மகளே. அது இந்தக் கடிதத்தில் திரும்ப வரும்.

அன்றிலிருந்து அவள்தான் எனக்கு வாத்தியார். தாள் தீர்ந்ததும் அவளே பத்தி கட்ட ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, வாசலில் செருப்பு இல்லை, ஆகவே அவர்கள் வெளியே போயிருக்கிறார்கள்; என்ன பதில் என்பாள். நான் மெய் என்பேன். உள்ளே உட்கார்ந்துகொண்டு செருப்புத் திருடனைத் திட்டிக்கொண்டிருக்கலாமே என்பாள். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் நகைக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆகவே விலையைக் குறைப்பார், என்ன பதில்? அதற்கு மட்டும் நான் யோசிக்காமல் பொய் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது பதில் என் வாயில் வரவே வராது. தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்தவன் தெரியாது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? அவளுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. சொல்ல முடியாது என்பதை அவள் தலையை நிமிர்த்திச் சொல்வாள், ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி. கடைசியில் பரீட்சையில் அந்தத் தாளில்தான் எனக்கு நல்ல மதிப்பெண். பாதி சார்ஜ்மேன் நான்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையும் அதுதான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வந்ததும் கடிகாரத்தைத்தான் மாற்றினான். ஆபீஸ், பவர் ஹவுஸ், பள்ளிக்கூடம் எல்லாம் டோக்கியோ மணிப்படி நடக்க வேண்டும். நம் பழைய மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். பவர் ஹவுஸில் பகல் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதினால் வெளியே சூரியன் இன்னும் கிழக்கே தென்னை மரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நான் என் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். வைக்காவிட்டால் வேலை போகும், அதற்கு மேலும் போகும். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் திருப்ப ஸ்டூல் போட்டு ஏறினேன். செண்பகம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க கையில டோக்கியோ இருக்கட்டும். சோறு வடிக்கிற நேரம் என்னோடது. எறங்குங்க."

இறங்கிவிட்டேன். அன்று முதல் நம் வீட்டில் இரண்டு மணி. என் கையில் ஜப்பான் மணி, சுவரில் பழைய மணி. சனிக்கிழமை தோறும் அவள்தான் அதற்குச் சாவி கொடுப்பாள். வெளியாருக்கு இது தெரியாது. இந்தக் காலத்தில் அதை வெளியே சொல்லிக்கொள்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

நீ வயிற்றில் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா. நடுங்கும், விடும், மறுபடி வரும். கொயினா மருந்துக்காக நான் ஊர் முழுக்க அலைந்தேன். இருப்பதெல்லாம் பட்டாளத்துக்கு என்றார்கள். யாரோ ஒரு மரத்துப் பட்டையைக் கஷாயம் வைக்கச் சொன்னார்கள், அதையும் வைத்தோம். நீ பிறப்பதற்கு நெடுநாள் முன்பே அவள் கன்னம் ஒட்டிவிட்டது. அதைக் குறித்துக்கொள். உனக்கு முன்னால் காய்ச்சல்.

உனக்குப் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், என் அண்ணன். உஜோங் பாசிரில் வீடு. பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை; இப்போது அது துணியே இல்லாத துணிக்கடை. அவளுக்கு வலி கண்டதும் சொல்லி அனுப்பினேன். பெரியம்மா மட்டும் அன்று காலையில் வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டு மீனாச்சி அக்காவும் வந்தார். அவர் பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். சாமி கும்பிடுவதில் நம்மைவிட ஆசாரம். பேச்சு மட்டும் மலாய். நான் பவர் ஹவுஸில் இருந்தேன், லீவு என்ற சொல்லையே எடுக்க முடியாத நாள். வீடு வந்தபோது நீ பிறந்திருந்தாய். பிள்ளை பூமியில் விழுந்ததும் பெரியம்மா சுவரைப் பார்த்து மணியை மனதில் வைத்துக்கொண்டார். சரியாக ஒரு மணி.

அதற்குப் பிறகு சில நாள்தான் அவள் இருந்தாள். காய்ச்சல் திரும்பி வந்தது. அந்த முறை விடவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்கு இன்று வரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் குறைந்ததும் பெரியப்பா ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவில் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஜோசியரிடம் போனார். உன் நாளையும் மணியையும் சொன்னார். போர் வருவதற்கு முன்னால் கப்பலில் வந்த, பல வருஷத்துக்குக் கணித்து வைத்த பஞ்சாங்கம் ஒன்று அந்த ஜோசியரிடம் இருந்தது. பார்த்துவிட்டு, ஆயில்யம் நட்சத்திரம், கடைசிப் பாதம் என்றாராம். பெற்றவர்களுக்கு ஆகாத நேரம். ஒருத்தரை எடுத்துவிட்டது, மற்றவர் இந்தப் பிள்ளையோடு ஒரே கூரையில் இருக்கக் கூடாது என்றாராம். ஆலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டில் பிள்ளையில்லாத தம்பதி ஒன்று இருந்தது, பெரியப்பாவுக்கு வேண்டியவர்கள். கருமாதி முடிந்த கையோடு அவர்கள் வந்து உன்னை வாங்கிக்கொண்டு போவதாகப் பேசி முடித்துவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

"தம்பி, அவ போயிட்டா. ஜாதகத்துல அடுத்தது நீ. ஒன்னையும் தூக்கிக் குடுத்துட்டு நான் யார் மூஞ்சில முழிப்பேன்?"

பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் அடுப்பங்கரையிலிருந்தே ஒரு போடு போட்டார். நீங்களும் ஆயில்யம்தானே, உங்க ஆத்தா பல்லெல்லாம் கொட்டுற வரைக்கும் இருந்து என்னைப் படுத்திட்டுத்தானே போச்சு என்றார். பெரியப்பா அசரவில்லை. நான் ரெண்டாம் பாதம், அது வேற கணக்கு என்றார். இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், பெரியம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. ஆயில்யம் பெற்றவர்களுக்கு ஆகாது என்றால், பெற்றவர்கள் நன்றாக வாழ்ந்த ஒரே ஒரு ஆயில்யத்தைக் காட்டினால் போதும், அந்தப் பேச்சு உடைந்துவிட வேண்டும். ஆனால் உடையவில்லை. ஓட்டை தெரிகிற இடத்திலெல்லாம் ஒரு பாதத்தை வைத்து அடைத்துக்கொள்கிற வாதம் அது. அப்படிப்பட்ட வாதத்தை வெளியே நின்று எத்தனை அடித்தாலும் விழாது என்று அன்றே எனக்குப் பட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை கடிகாரம் நின்றுபோயிருந்தது. சாவி கொடுக்க ஆளில்லை. பெரியம்மா அதைப் பார்த்து, வீட்டில் மணி நின்றால் நல்லதில்லை என்றார். ஸ்டூல் போட்டு ஏறினேன். சாவி கொடுத்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பப் போனேன். விரல் முள்ளின் மேல் இருக்கும்போது, யாரோ கீழே ஸ்டூலைப் பிடித்த மாதிரி இருந்தது. இது ஜப்பான் மணிக்கடிகாரம் இல்லையே. இது அவள் மணி. அப்படியென்றால் பெரியம்மா பார்த்த ஒரு மணி எந்த ஒரு மணி? பெரியப்பா ஜோசியரிடம் சொன்னது எந்த ஒரு மணி?

மகளே, அங்கேயே குதித்து இறங்கி, கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தியிருக்கலாம். பழைய ஆளாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் உன் அம்மாவிடம் படித்த புத்தி என்னை நிறுத்தியது. கடிகாரம் எப்போதும் பழைய மணியில் ஓடியது என்பது மெய். ஆகவே நீ பிறந்த அன்றும் பழைய மணியில்தான் ஓடியது. இதற்கு என்ன பதில்? சொல்ல முடியாது. பெரியம்மா காலையில் வந்தவர், எதையும் ஒழுங்குபண்ணுகிற கை, திருப்பி வைத்திருக்கலாம். காய்ச்சலில் செண்பகமே சாவி கொடுக்க மறந்து, அது நின்று, யாரோ மறுபடி ஓட வைத்திருக்கலாம். கடிகாரத்தையே கேட்கலாம் என்றால் அதுவும் நின்றுவிட்டது. எனக்கு அந்த ஒரு மணிக்குச் சாட்சி வேண்டும், டோக்கியோவுக்குக் கட்டுப்படாத சாட்சி.

மீனாச்சி அக்காவிடம் போனேன். அவரிடம் கேட்கும்போதும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. இப்படித்தானே நடந்தது என்று கேட்டால், பாவம், மனைவியை இழந்தவன் என்று ஆமாம் போட்டுவிடுவார். அப்படிப் போட்ட ஆமாம் சாட்சி ஆகாது. அதனால் மணியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அன்று காலை முதல் என்னென்ன நடந்தது, என்னென்ன காதில் விழுந்தது, வரிசையாகச் சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். உங்கள் பவர் ஹவுஸ் சங்கு ஊதியது, அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை, வெந்நீர் போட்டோம், பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், அப்புறம் பிள்ளை வந்தது என்றார். நான், பாங்கு முதலா பிள்ளை முதலா என்று மட்டும் கேட்டேன்.

"பாங் டூலு," என்றார். பாங்கு முதலில். "பாரு பூடாக் கெலுவார்." அப்புறம்தான் பிள்ளை வெளியே. பாங்கு முடிகிற வரைக்கும் செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தாள், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

பகல் பாங்குக்கு டோக்கியோ தெரியாது. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்த பிறகுதான் அது. பழைய மணிக்கு அது பன்னிரண்டே முக்காலை ஒட்டி வரும். ஜப்பான் மணிக்கு இரண்டே காலை ஒட்டி. பாங்குக்குப் பிறகு நீ பிறந்தாய். அப்போது சுவரில் ஒரு மணி. சுவரில் ஓடியது ஜப்பான் மணியாக இருந்தால் முள் இரண்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. ஆகவே அது பழைய மணி. மெய். பவர் ஹவுஸில் பெரிய எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கும்போது காலடியில் தரை லேசாக அதிரும். மீனாச்சி அக்கா வீட்டுப் படியில் எனக்கு அப்படி அதிர்ந்தது.

இன்று காலை காரியம் முடிந்தது. வந்தவர்கள் அவித்த மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஜோசியரும் வந்திருந்தார். எஸ்டேட் தம்பதி மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு சின்னத் துணி, உன்னைச் சுற்றுவதற்கு. இந்தக் காலத்தில் அது எங்கே கிடைத்ததோ. நான் எழுந்து நின்று, அண்ணே, ஜோசியர்கிட்ட நீங்க எந்த ஒரு மணின்னு சொன்னீங்க என்று கேட்டேன்.

"ஜப்பான் மணிதான். அவரும் கேட்டாரு, நானும் சொன்னேன். ஒன்னரை மணி கழிச்சுத்தான் கணிச்சாரு."

"சுவத்துல ஓடினது ஜப்பான் மணின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பவர் ஹவுஸ்காரன் வீட்டுல வேற எந்த மணிடா இருக்கும்?"

மகளே, அந்த நிமிஷம் எனக்குச் செண்பகத்தின் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. எதிர்வீட்டு வாசலில் செருப்பு இல்லை, ஆகவே ஆள் இல்லை. அதேதான். ஒரு வார்த்தை பிசகாமல் அதேதான். கடிகாரத்தின் கதையைச் சொன்னேன். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரியப்பா விடவில்லை. நீ பிள்ளைய வச்சுக்கணும்னு பேசற, ஒனக்கு வேண்டியதச் சொல்ற என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

"ஆமாண்ணே. எனக்குப் பிள்ள வேணும். அதனால என் பேச்ச யாரும் நம்ப வேணாம். இதுல எதுவும் வேண்டாத ஆளக் கேளுங்க."

அந்த இடத்தில்தான் காற்று திசை மாறியது. மீனாச்சி அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் நின்றபடியே தான் சொன்னதை மறுபடி சொன்னார், பாங்கு முதலில், பிள்ளை பிறகு. ஜோசியர் அதோடு விடவில்லை. அந்த மனிதரை நான் இன்று மதிக்கக் கற்றுக்கொண்டேன். அவர் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவை எதற்கென்று சொல்லாமல் கூப்பிட்டு, பாங்கு கேட்டபோது நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க என்று மட்டும் கேட்டார். வெந்நீர் இன்னும் சூடாகலை, அதுக்குள்ள உச்சி சாஞ்சு பாங்கும் சொல்லிட்டாங்களேன்னு அடுப்ப ஊதிக்கிட்டிருந்தேன் என்றார் பெரியம்மா. அப்ப பிள்ளை? பிள்ளை எங்க, தண்ணி காஞ்சு எடுத்துட்டுப் போன பிறகுதான் என்றார். சுவர்க் கடிகாரத்தை நீங்க தொட்டீங்களா என்று நான் கேட்டேன். எனக்கு அது எட்டுமா என்று கேட்டார். கூடத்தில் சிரித்துவிட்டார்கள். கருமாதி வீட்டில் சிரிப்பு. பெரியம்மா உயரம் உனக்குத் தெரியும்.

ஜோசியர் பஞ்சாங்கத்தை மடியில் விரித்தார். விரலை விட்டு எண்ணினார். எல்லாரும் அவர் விரலையே பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒன்னரை மணிய நான் கழிச்சிருக்கவே கூடாது. இது ஆயில்யம் இல்ல. மகம். ரெண்டு நட்சத்திரமும் சேர்ற சந்தியும் தாண்டியாச்சு. பிள்ள அப்பன்கிட்டயே இருக்கலாம்."

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோற்றுப்போன அழுகை இல்லை அது. அவர் தம்பி பிழைத்துக்கொண்டான். எழுந்து வந்து, தொட்டிலில் உன் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. எஸ்டேட் அம்மாள் எழுந்து வந்து அந்தச் சின்னத் துணியை என் கையில் வைத்தாள். குழந்தைக்குன்னு எடுத்தது, குழந்தைக்கே இருக்கட்டும் என்றாள். இன்று எல்லாருக்கும் வெற்றி, அவளுக்கு மட்டும் இல்லை. அந்தத் துணியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ வளர்ந்த பிறகு ஒருமுறை ஆலோர் காஜாவுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வா.

இப்போது கவனமாகக் கேள். சபையில் என்னை ஜெயிக்க வைத்த வாதம் வேறு. நீ கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வாதம் வேறு. அவர்களுடைய வீட்டுக்குள் அவர்களுடைய வாசல் வழியாகவே நுழைந்தேன், ஏனென்றால் உன்னை மத்தியானத்துக்குள் மீட்க வேண்டியிருந்தது. பெரியப்பா நட்சத்திரத்தை நம்புகிறார். நட்சத்திரத்தைப் பொய் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். மணி தப்பு என்றதும் உட்கார்ந்து கேட்டார். ஆனால் நீ அந்த வீட்டிலேயே குடியிருந்துவிடாதே. நாளைக்கு ஒருவர் வந்து, பாங்கு ஞாபகம் தப்பு, நீ ஆயில்யம்தான் என்று நிரூபித்துவிட்டால்? அப்போது நீ உன் அம்மாவைக் கொன்றவள் ஆகிவிடுவாயா?

தெருவிளக்கை நினைத்துக்கொள். மழை பெய்தது, மறுநாள் விளக்கு அணைந்தது. பிள்ளை பிறந்தது, சில நாளில் தாய் இறந்தாள். பின்னால் வந்தது என்பது மெய். அதனால் வந்தது என்பதை அவர்கள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். காய்ச்சல் உனக்கு முன்னாலேயே வந்தது. மருந்து கிடைக்கவில்லை. அவள் போனது காய்ச்சலால். நீ எந்த நட்சத்திரத்தில் பிறந்திருந்தாலும் இந்த வரிசை மாறாது. இதை யார் முன்னாலும் சொல்லலாம். இதற்கு ஜோசியரும் வேண்டாம், மீனாச்சி அக்காவும் வேண்டாம்.

அதேபோல இன்று கூடம் காலியாகும்போது இரண்டு பேர், மகமா, அப்ப இந்தப் பிள்ள ஊரையே ஆளப்போகுது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் அதற்கும் மூன்றாவது பதில்தான். உன்னைத் தாழ்த்துகிற பேச்சுக்குச் சாட்சி கேட்டுவிட்டு, உயர்த்துகிற பேச்சுக்குக் கேட்காமல் விட்டால் உன் அம்மா ஸ்டூலை உதைத்துவிடுவாள். நீ ஊரை ஆண்டால், படித்து ஆண்டாய் என்று சொல்லட்டும்.

எனக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. கொயினா கிடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நான் இன்னும் ஒரு கதவைத் தட்டியிருந்தால் கிடைத்திருக்கும். வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்திருந்தால். தினமும் நடந்து போகும்போது இவற்றுக்குப் பதில் போட்டுப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது என்றுதான் வருகிறது. அந்தப் பதிலை அவள் மாதிரித் தலையை நிமிர்த்திச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் போன அன்று காலையில் பெரியம்மா உன்னைக் குளிப்பாட்டித் துடைத்து, பொட்டுகூட வைக்காமல் அவள் பக்கத்தில் கிடத்திவிட்டுத் துணி அலசப் போனார். வேறு யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. பெரியம்மா திரும்பி வந்தபோது அவளுக்கு உயிர் இல்லை. ஆள் வந்து சொல்லி நான் ஓடி வந்து உன்னைத் தூக்கினேன். உன் இடது உள்ளங்காலில் கருப்பாக ஒரு பொட்டு. கண்மை. பெரியம்மாவைக் கேட்டேன், தான் வைக்கவில்லை என்றார். மீனாச்சி அக்காவும் இல்லை என்றார். செண்பகத்தின் தலையணை ஓரத்தில் மைச் சிமிழ் திறந்து கிடந்தது. அவளுக்கு இடது கைப் பழக்கம். இடது கை விரல் நுனியில் மை இருந்தது.

பெரியம்மா திருஷ்டி என்று பேசினாலே, கண் பட்டு எவருக்குக் காய்ச்சல் வந்ததென்று காட்டுங்கள் என்று வம்புக்கு இழுப்பவள் அவள். கடைசியில் மட்டும் அதை நம்பினாளா? சொல்ல முடியாது. தான் போகப்போவது தெரிந்து வைத்தாளா? அதுவும் சொல்ல முடியாது. ஆனால் அவள் கண்ணைத் திறந்து உன்னை முழுசாகப் பார்த்தாள். கையைத் தூக்கச் சக்தி இல்லாத நேரத்தில் தூக்கினாள். ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிடுகிற அளவுக்கு நீ அழகு என்று நினைத்தாள். அழகில்லாத பிள்ளைக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை.

நீ தூக்கத்தில் அந்தக் காலைத்தான் இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறாய். பொட்டு அழிந்துவிட்டது. சுவரில் அவள் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று சாவி கொடுத்தேன், முள்ளைத் திருப்பவில்லை. உன்னைத் தாயை முழுங்கியவள் என்று யாராவது சொல்ல வந்தால், உன் அம்மா உன்னைப் பார்த்த கடைசிப் பார்வைக்கு என்னிடம் சாட்சி இருக்கிறது என்று சொல். அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று பதில் கிடையாது மகளே. மெய்.

உன் அப்பா